தொழில் தெரிந்த கையில் கணினி: கொங்கு நாட்டில் வேலை தேடுவோர்க்கு ஒரு வழிகாட்டி

கோவையிலோ திருப்பூரிலோ வேலை கேட்டு வருகிறவர் "கம்ப்யூட்டர் தெரியுங்க" என்று சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் முதலாளி தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை இருந்தது. இன்று தட்டச்சு செய்வதும் மின்னஞ்சல் அனுப்புவதும் கைப்பேசியில் பணம் செலுத்துவதும் மொபெட் ஓட்டத் தெரிவதைப் போல எல்லாரிடமும் இருக்கும் பழக்கங்கள். அதே மனிதர், "துணியின் ஜிஎஸ்எம் பத்துக் கூடினால் ஓர் ஆர்டருக்கு எத்தனை கிலோ கூடும் என்று எக்ஸெல்லில் போட்டுக் காட்டுகிறேனுங்க" என்று சொன்னால் பேச்சு வேறு திசையில் போகும். (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை.) இந்த வட்டாரத்தில் கணினிக்கென்று தனியாக யாரும் சம்பளம் தருவதில்லை. தொழிலில் நாள்தோறும் காசைக் கரைக்கும் ஏதோ ஒரு சிக்கலைக் கணினியால் அடைக்கத் தெரிந்தவருக்கே தருகிறார்கள். அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதே இங்கே சொல்லப்போவது.

சரவணம்பட்டிப் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களுக்குப் போக விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு இது உதவாது. அவர்கள் பாதை வேறு. பிளஸ் டூவோ, ஐ.டி.ஐ.யோ, டிப்ளமோவோ, கலைக் கல்லூரிப் பட்டமோ முடித்தவர்களையும், ஏற்கெனவே செக்கிங் மேசையிலோ லேத் முன்னாலோ நின்றுகொண்டு அடுத்த படி எது என்று யோசிக்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தொழிலைப் பாருங்கள், பிறகு பயிற்சி மையத்தை

பெரும்பாலானோர் செய்யும் தவறு, பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பலகை வைத்திருக்கும் பயிற்சி மையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகு இந்தச் சான்றிதழுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தேடத் தொடங்குவது. வரிசையை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் என்ன தொழில் நடக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். திருப்பூர் என்றால் பனியன், கோவை என்றால் பம்பு, மோட்டார், வார்ப்படம், கிரைண்டர், கரூர் என்றால் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் பேருந்துக் கூண்டும், நாமக்கல் என்றால் கோழிப்பண்ணையும் லாரியும், திருச்செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, ஈரோடு என்றால் மஞ்சளும் ஜவுளியும், பொள்ளாச்சி என்றால் தேங்காயும் தென்னை நாரும். இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனால் அந்தத் தொழிலில் எந்தத் தாள் எங்கிருந்து எங்கே போகிறது என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அத்தொழிலில் இருக்கும் ஒரு சொந்தக்காரரையோ ஊர்க்காரரையோ பிடித்து, ஒரு வாரத்தில் அவர் கையால் எழுதும் கணக்குகள் எவை, எந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிறது, எதைத் தேடும்போது நோட்டைப் புரட்டிப் புரட்டி அரை நாள் வீணாகிறது என்று கேளுங்கள். ரிக் வண்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் நாளொன்றுக்கு ஓட்டிய அடி, இறக்கிய கேசிங் பைப், எரிந்த டீசல் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நோட்டில் இருக்கின்றன என்பார். அந்த மூன்றையும் ஒரே தாளில் சேர்த்து ஓர் அடிக்கு எவ்வளவு டீசல் என்று காட்டினாலே அவருக்கு எந்த வண்டி நட்டத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கோழிப்பண்ணையில் செட் வாரியாக முட்டை எண்ணிக்கை, தீவனம், இறப்பு ஆகியவற்றை எழுதி வைக்கிறார்கள். ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம் போகிறது என்பதை வாரந்தோறும் வரைபடமாகப் போட்டுத் தருகிறவரை எந்தப் பண்ணைக்காரரும் எளிதில் விடமாட்டார்.

திருப்பூர்: எக்ஸெல் என்பது ஒரு தொழிற்கருவி

எக்ஸெல்லைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கொங்கு நாட்டின் பாதி அலுவலகங்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. பெரிய நிறுவனங்களில் எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒன்றாக வைக்கும் இ.ஆர்.பி. மென்பொருள் இருந்தாலும், அதிலிருந்து எடுத்த விவரத்தைக் கடைசியில் எக்ஸெல்லில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

பனியன் தொழிலில் மெர்ச்சண்டைசர் (ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் ஏற்றுமதிவரை கவனிப்பவர்) வேலைக்கு வரும் இளைஞரிடம் கேட்கக்கூடிய முதல் கணக்கு துணித் தேவை, அதாவது கன்சம்ப்ஷன். ஒரு சாதாரண அரைக்கை டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22 செ.மீ., தையலுக்கும் மடிப்புக்கும் 10 செ.மீ. சேர்த்தால் 102. மார்பின் பாதி அகலம் 52 செ.மீ., தையலுக்கு 4 சேர்த்தால் 56; முன்னும் பின்னும் சேர்த்து 112. இரண்டையும் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ. துணியின் ஜிஎஸ்எம் 160 என்றால் அதால் பெருக்கி 10,000-ஆல் வகுக்க, ஓர் உருப்படிக்கு ஏறத்தாழ 183 கிராம் வருகிறது. வேஸ்டேஜ் 10 சதவீதம் கூட்டினால் 201 கிராம். பத்தாயிரம் உருப்படிக்கு 2,010 கிலோவைத் தாண்டுகிறது.

இப்போது டையிங் (சாயமேற்றல்) முடிந்து வந்த துணியை வெட்டி எடை போட்டுப் பார்த்தால் 160-க்குப் பதில் 170 ஜிஎஸ்எம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் ஓர் உருப்படிக்கு 214 கிராம் ஆகிவிடும். பத்தாயிரம் உருப்படிக்கு ஏறத்தாழ 126 கிலோ கூடுதல். துணி கிலோ 450 ரூபாய் என்று கொண்டால் 56,000 ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது, அல்லது ஆர்டர் முடியும் முன்பே துணி தீர்ந்து வெட்டு நின்றுபோகிறது. ஜிஎஸ்எம் இருக்கும் கட்டத்தில் 170 என்று மாற்றியதும் கீழே கிலோவும் ரூபாயும் தாமாக மாறும் ஒரு தாளை நீங்களே கட்டியிருந்தால், நீங்கள் எக்ஸெல் மட்டுமன்றிப் பனியன் தொழிலும் கற்றிருக்கிறீர்கள் என்று பொருள். அளவுகளை எஸ், எம், எல், எக்ஸ்எல் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை உருப்படி என்ற விகிதத்தையும் சேர்த்துவிட்டால் அது உண்மையான அலுவலகத் தாளாகவே ஆகிவிடும்.

இதற்கு வேண்டிய எக்ஸெல் அறிவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கூட்டல், பெருக்கல், கட்டத்தைப் பூட்டும் டாலர் குறி, நிபந்தனைப்படி கூட்டும் சம்இஃப்ஸ், வேறு தாளிலிருந்து விலையைத் தேடி எடுக்கும் விலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப், ஒரு மாத விவரத்தைச் சுருக்கிக் காட்டும் பைவட் டேபிள் ஆகியவை கைவந்தால் போதும். நூற்றுக்கணக்கான ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்வதைவிட விவரத்தை ஒழுங்காக உள்ளிடும் பழக்கமே பெரிது. ஒரு வரிசையில் ஒரே ஒரு பதிவு இருக்க வேண்டும். அழகுக்காகக் கட்டங்களை இணைக்கக் கூடாது. ஒரே டையிங் பட்டறையின் பெயரை மூன்று விதமாக எழுதினால் கணினி அதை மூன்று பட்டறைகளாகத்தான் எண்ணும்.

தேதி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் கணினியின் தேதி முறை அமெரிக்க வரிசையில் இருந்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன். 05/06 என்று நான் உள்ளிட்ட ஜூன் 5, மே 6 ஆகப் பதிவாகி, பட்டியலை ஏற்றுமதித் தேதிப்படி அடுக்கியபோது அவசரமில்லாத ஆர்டர் மேலே ஏறி அமர்ந்துகொண்டது. இரண்டு நாள் டையிங் வரிசையே தலைகீழாகிப்போனது. அன்றிலிருந்து மாதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தாகவே வரும்படி கட்டங்களை அமைத்துவிடுகிறேன்.

கணக்கு வேலை: தேதிகள் தெரிந்தவருக்கே மதிப்பு

வணிகவியல் படித்தவர்களுக்கு மிக அருகில் இருக்கும் கதவு கணக்கு. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடத் தெரிவது நுழைவுச் சீட்டு மட்டுமே. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பதிவு போடுகிறவருக்கும் அந்தப் பதிவு அரசுத் தளத்தில் என்னவாக விழுகிறது என்று அறிந்தவருக்கும் இடையே பெரிய தூரம் விழுந்துவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனத்தில், விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். நீங்கள் வாங்கிய சரக்குக்கு எதிர்த்தரப்பு வரி காட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி 14-ஆம் தேதி உருவாகிறது. வரியைக் கட்டி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி. ஆக 14-க்கும் 20-க்கும் இடைப்பட்ட அந்த ஆறு நாள்தான் கணக்கரின் அறுவடைக் காலம். கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் அருகருகே வைத்து, எந்த பில் விட்டுப்போயிருக்கிறது, எந்த நூல் வியாபாரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று பட்டியல் எடுத்துத் தருகிறவர், முதலாளி கொள்முதலில் கட்டிக் கழித்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரிப் பணத்தை நேரடியாகக் காப்பாற்றுகிறார். மேலே சொன்ன அதே எக்ஸ்லுக்கப் இங்கேயும் உதவும்.

கொங்கு நாட்டுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கை வேறு பட்டறைக்கு அனுப்பிக் கூலிக்கு வேலை செய்து வாங்குவது. ஒரு பனியன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று நாலைந்து கதவுகள் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குள் போகிறது. ஜாப் ஒர்க்குக்கு வரி கட்டாமல் அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். எனவே எந்த டெலிவரி சலானுக்கு எவ்வளவு திரும்பியது, எவ்வளவு இன்னும் வெளியே நிற்கிறது என்று காட்டும் ஒரு தாளைப் பராமரிக்கத் தெரிந்தவர் எந்தப் பட்டறையிலும் பிழைத்துக்கொள்வார். அத்துடன் சரக்கு வண்டியில் போகும்போது வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லையும் கற்றுக்கொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அது வேண்டும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுவதால், திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்கு இரண்டு நாள் கிடைக்கும். வழியில் வண்டி நின்றுபோய் வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் பில்லில் வண்டி எண்ணைத் திருத்த வேண்டும் என்பதை நள்ளிரவில் தொலைபேசி வரும்போது கற்றுக்கொள்ளாமல் முன்பே செய்து பழகுங்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், 5 சதவீத வரிக்கு உட்பட்ட ஆயத்த ஆடையின் விலை வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்தது. அன்று காலையிலேயே டேலியில் வரி விகிதத்தை மாற்றி வைத்தவரும் ஒரு வாரம் தவறான பில் போட்டவரும் ஒரே சம்பளம் கேட்க முடியாது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையும் இதன் உடன்பிறப்புதான். வெளிமாநிலத் தொழிலாளர் மிகுந்திருக்கும் ஆலைகளில், பி.எஃப். உறுப்பினருக்குரிய யூ.ஏ.என். எண்ணும் ஆதாரும் பெயரில் ஓரெழுத்து மாறியதால் பொருந்தாமல் நிற்கும் கோப்புகளைத் தீர்த்து வைக்கிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

பட்டறையில் கணினி

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கத்துப் பட்டறைகளில் கணினி மேசைமேல் இருப்பதில்லை, எந்திரத்தோடு சேர்ந்தே நிற்கிறது. புரோகிராம்படி தானே வெட்டும் சி.என்.சி. எந்திரத்தில் ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய உருப்படியை, மாட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறவர் ஆபரேட்டர். டூலைப் பொருத்தி அதன் நிலை அளவான ஆஃப்செட்டை எடுத்து முதல் ஜாப்பைச் சரியாக வெளியே கொண்டுவருகிறவர் செட்டர். டிராயிங்கைப் பார்த்துப் புரோகிராம் எழுதுகிறவர் புரோகிராமர். கூலி ஏறுவது இந்த மூன்று படிகளில்தான், ஆபரேட்டராகப் பத்தாண்டு நிற்பதால் தானாக ஏறுவதில்லை.

முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போக, வேலை நேரத்திலேயே கற்றுக்கொள்ளக்கூடியவை பல உண்டு. புரோகிராமில் ஜி00 என்ற கட்டளை டூலை வேகமாக நகர்த்தும், ஜி01 வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போகும், ஜி02-வும் ஜி03-வும் வளைவு என்பதைத் தெரிந்துகொண்டு, திரையில் ஓடும் வரியையும் டூல் நகர்வதையும் ஒன்றாகப் பாருங்கள். டர்னிங்கில், அதாவது கடைசலில், எக்ஸ் என்பது பொதுவாக விட்டத்தைக் குறிக்கும், ஆகவே 25.00 மி.மீ. வர வேண்டிய தண்டு 25.04 வந்தால், அந்த டூலின் தேய்மானத் திருத்தமான வேர் (wear) ஆஃப்செட்டில் எக்ஸுக்கு மைனஸ் 0.04 கொடுக்க வேண்டும், பாதி அல்ல. இன்னொரு எச்சரிக்கை: பல கண்ட்ரோல்களில் எக்ஸ்50 என்று புள்ளி வைக்காமல் அடித்தால், அமைப்பைப் பொறுத்து, அது 50 மில்லிமீட்டருக்குப் பதில் 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளிக்காக டூலும் ஜாப்பும் மோதி உடைவதைப் பார்த்தவர்கள் இந்தப் பாடத்தை மறப்பதில்லை. நீங்கள் பார்க்காமலேயே கற்றுக்கொள்ளலாம். வீட்டில் கணினி இருந்தால் இலவச சிமுலேட்டரில் புரோகிராமை ஓட்டிப் பார்க்க முடியும், அங்கே எது மோதினாலும் செலவில்லை. அதற்கு மேல் டிராயிங் வாசிப்பும் ஆட்டோகேட் போன்ற ஒரு வரைகலை மென்பொருளும் சேர்ந்தால் மூன்றாம் படி எட்டும் தூரத்தில் இருக்கும்.

எங்கே கற்பது

காசு அதிகம் செலவிடத் தேவையில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் காணொலிகளில் லிப்ரே ஆபீஸ் கால்க் போன்றவை தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. கால்க்கில் கற்றது பெரும்பாலும் அப்படியே எக்ஸெல்லுக்குப் பொருந்தும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கிறவர்கள் 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் கடத்திவிடாமல், மேலே எழுதிவைத்த பட்டியலோடு பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் 71 நிலையங்கள் நவீன எந்திரங்களோடு 'தொழில் 4.0' தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகில் ஒன்று இருந்தால் நேரில் போய் எந்திரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசு வேலைக்கும் முயல்கிறவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியக்கச் சான்றிதழையும் தமிழ்99 தட்டச்சையும் கையில் வைத்திருப்பது நல்லது.

தனியார் மையத்தில்தான் சேர வேண்டியிருக்கிறது என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் தனியாக எந்திரத்தின் முன்னால் அமரும் நேரம் மொத்தம் எத்தனை மணி? அதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். முன்பணம் கட்டினால் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை என்று வாட்ஸ்அப்பில் வருபவை மோசடிகள். கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஃபார்முலா எழுதித் தரச் சொல்வதில் தவறில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் விடை சரியா என்பதைக் கையால் போட்டுப் பார்த்த ஒரு கணக்கோடு ஒப்பிடாமல் யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரு டி-சர்ட்டுக்கு 20 கிராம் துணி போதும் என்று அது சொன்னால், அது அபத்தம் என்று உணர உங்களுக்குப் பனியன் தெரிந்திருக்க வேண்டும்.

திறனைக் காட்டுவதும் கூலி பேசுவதும்

நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் 'சொல்லி வைப்பதில்' கிடைக்கிறது. மாமாவோ பங்காளியோ சொன்னதால் கதவு திறக்கும் என்பது உண்மையே. ஆனால் சொன்னவர் பெயர் முதல் மாதத்துக்கு மேல் தாங்காது. நேர்காணலுக்குப் போகும்போது தன்விவரத் தாளோடு, நீங்களே கட்டிய இரண்டு தாள்களைப் பென் டிரைவிலும் அச்சிலும் கொண்டு போங்கள்: ஒரு கன்சம்ப்ஷன் கணக்கு, ஒரு ஜாப் ஒர்க் நிலுவைப் பட்டியல் என்பதுபோல. எண்கள் நீங்களே கற்பனையாகப் போட்டவையாக இருக்கட்டும். பழைய கம்பெனியின் பையர் (சரக்கு வாங்குபவர்) பெயரும் விலையும் உள்ள கோப்பைக் காட்டினால், நாளை தம் கோப்பும் இப்படித்தான் வெளியே போகும் என்று எதிரே இருப்பவர் கணக்குப் போடுவார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் சம்பள உயர்வு கேட்பதற்கு முன் மூன்று மாதம் ஒரு சிறு குறிப்பு வைத்திருங்கள். 2பி ஒப்பீட்டுக்கு முன்பு எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை. எத்தனை ரூபாய் உள்ளீட்டு வரி விட்டுப்போகாமல் மீட்கப்பட்டது. செட்டிங் நேரம் எத்தனை நிமிடம் குறைந்தது. எத்தனை ஜாப் ரிஜெக்ட் ஆகாமல் தப்பியது. பெண்களுக்கு இந்தக் குறிப்பு இன்னும் அவசியம், ஏனெனில் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிடுகிறார் என்பது மட்டும் நினைவில் நின்று, அந்த ஆறு மணிக்குள் அவர் முடித்த வேலை மறக்கப்படுவதை நான் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். தீபாவளி போனஸ் நேரத்தில் எல்லாரும் கேட்கும் கூட்டத்தில் கேட்காமல், 20-ஆம் தேதி தாக்கல் முடிந்த மறுநாளோ பெரிய ஆர்டர் ஏற்றுமதியான வாரத்திலோ நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். "விலைவாசி ஏறிப்போச்சுங்க" என்று தொடங்காமல், அந்தக் குறிப்பை ஒரே பக்கமாக அச்சிட்டு மேசைமேல் வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.